நெல் விளையும் தலைநகரம்

கங்கைகொண்ட சோழபுரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கோயில். கும்பகோணத்திலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தொல்லியல் துறை பச்சைப்பசேலென்று வளர்த்து வைத்திருக்கும் புல்வெளியைத் தாண்டி உள்ளே போய், பதின்மூன்று அடி லிங்கத்தை அண்ணாந்து கும்பிட்டு, சிங்கமுகக் கிணற்றுக்கு முன்னால் நின்று ஒரு படம். அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்தது தாராசுரம் என்று கிளம்பிவிடுகிறோம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நாம் பார்க்கப் போனது ஒரு தலைநகரத்தை. ஏறத்தாழ 1025 முதல் 1279 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், சோழப் பேரரசு இங்கிருந்துதான் நடந்தது. தஞ்சாவூர் பேரரசின் தலைநகராக இருந்த காலத்தைவிட இது அதிகம். ஆனால் கோயில் வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் தெரிவது வயல், முந்திரிக் காடு, வேலி ஓரத்துக் கருவை, அங்கங்கே ஓட்டு வீடுகள். அரண்மனை எங்கே? தெருக்கள் எங்கே? மதில் எங்கே? அவ்வளவு பெரிய ஊர் எப்படி இவ்வளவு பச்சையாக மாறியது?

நான் பெரம்பலூர்க்காரன். பள்ளியில் படித்த காலத்தில் இதுவும் எங்கள் மாவட்டம்தான். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, அடுத்த வருடமே மறுபடி சேர்ந்து, 2007-ல் நிரந்தரமாகப் பிரிந்துபோனது. இத்தனை பிரித்தல் சேர்த்தலிலும் இந்த ஊர் எதற்கும் தலைமையிடமாக ஆகவில்லை. கடாரம் வரை கப்பல் அனுப்பிய தலைநகரம் இன்று உடையார்பாளையம் தாலுகாவில் ஓர் ஊராட்சி. ஊர் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது உண்மையில் பாதிதான். இந்த ஊர் அழிந்ததைவிட அதிகமாக, எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. எங்கெங்கே போனது என்று தேடிப் பார்ப்பதுதான் இங்கே செய்யவேண்டிய சுற்றுலா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு முடிவின் பேரில் பிறந்த ஊர்

தானாக வளரும் ஊர்கள் உண்டு. ஆற்றங்கரையில் நாலு குடிசை, ஒரு சந்தை, பிறகு ஒரு கோயில் என்று. இன்னொரு வகை, யாரோ ஒருவர் வரைபடத்தில் விரல் வைத்து 'இங்கே' என்று சொன்னதால் முளைப்பவை. ஆஸ்திரேலியாவின் கான்பரா அப்படி. 1913-ல் அடிக்கல் நாட்டினார்கள். நகரின் நடுவே வரைந்து வைத்த செயற்கை ஏரி நிரம்ப 1964 ஆனது. பிரேசிலியாவும் அப்படித்தான். 1960-ல் திறந்த அந்த நகரத்துக்கும் ஆற்றை மறித்து ஓர் ஏரி உண்டாக்கினார்கள். உலகின் பசுமையான தலைநகரங்கள் என்று இன்று பட்டியல் போடும்போது கான்பரா போன்ற ஊர்கள் வருவதற்குக் காரணம் அந்த ஏரியும் மரங்களும்தான். வெற்று நிலத்தில் தலைநகரம் கட்டுகிறவர் முதலில் தண்ணீருக்கு வழி செய்தாக வேண்டும்.

ராஜேந்திர சோழனும் அதைத்தான் செய்தான். 1014-ல் அப்பா ராஜராஜனுக்குப் பிறகு முழு அரசனானான். கையில் தஞ்சாவூர் இருந்தது. அதில் அப்பா கட்டிய, அன்றைக்கு நாட்டிலேயே மிகப்பெரிய கோயில் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே, காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்துக்கு ஏன் வந்தான்?

'காரணம் இதுதான்' என்று அவன் எழுதி வைத்த கல்வெட்டு நம் கையில் இல்லை. ஆனால் நிலத்தைப் பார்த்தால் சில விஷயங்கள் புரிகின்றன. தஞ்சாவூரைச் சுற்றி டெல்டா. ஒவ்வொரு வேலி நிலத்துக்கும் ஏற்கெனவே ஒரு சபையோ கோயிலோ குடும்பமோ சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தது. புதிதாகப் பெரிய நகரம் ஒன்றைப் பரப்ப அங்கே இடம் ஏது? தவிர, அவனுடைய யுத்தங்களில் பெரும்பகுதி வடக்கே: சாளுக்கியம், வேங்கி, கலிங்கம். வெள்ளம் வந்தால் கடக்கமுடியாத கொள்ளிடத்தின் தென்கரையில் படையை நிறுத்தி வைப்பதைவிட வடகரையில் நிறுத்துவது புத்திசாலித்தனம். அப்பாவின் நிழலிலிருந்து விலகி நிற்கும் ஆசையும் இருந்திருக்கலாம். மனிதன்தானே.

தண்ணீரால் ஆன வெற்றித் தூண்

கோயிலுக்கு மேற்கே போனால் பொன்னேரி என்று ஓர் ஏரி. பழைய பெயர் சோழகங்கம். 1023 வாக்கில் ராஜேந்திரனின் படை வடக்கே போய், வங்காளத்து அரசர்களை வென்று, கங்கை நீரோடு திரும்பியது. தோற்ற மன்னர்களின் தலையில் அந்தத் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையடிக்கிறது. அந்த நீரின் பெயரில் அவன் வெட்டிய ஏரியை, நீர்மயமான வெற்றித் தூண் என்று அதே செப்பேடு வர்ணிக்கிறது. ஜெயித்தவர்கள் வழக்கமாகக் கல்லில் தூண் நடுவார்கள். இவன் தண்ணீரில் நட்டான்.

புகழ்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஏரியைப் பார்க்கலாம். 1855-ல் வெளியான ஒரு ஆங்கிலக் குறிப்பு, வடக்குத் தெற்காக ஓடும் இதன் கரை 16 மைல் நீளம் என்கிறது. கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் ஓடிவந்த ஒரு கால்வாயும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து வந்த சிறிய கால்வாய் ஒன்றும் இதை நிரப்பியதாகவும் அது சொல்கிறது. அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோதே ஏரிக்குள் காடு மண்டிவிட்டது. ஆனால் கரையும் மதகுகளும் நின்றுகொண்டிருந்தன.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த 60 மைல் கால்வாய் உடனே உறைக்கும். ஒரு சிஸ்டம் எவ்வளவு தூரத்திலிருந்து தனக்கு வேண்டியதை இழுக்கிறதோ, அவ்வளவு தூரத்துக்கும் ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டும். 60 மைலில் ஒரு இடத்தில் கரை உடைந்து, அதைக் கேட்க நாதியில்லாமல் போனால், கடைசியில் இருக்கும் ஏரி காயும். மழையும் ஆறும் தந்த ஊர்கள் ராஜா போனாலும் பிழைக்கும். கங்கைகொண்ட சோழபுரம் நிர்வாகம் தந்த ஊர். நிர்வாகம் இருக்கும்வரை அதற்குத் தண்ணீர் இருந்தது.

கல் சாமிக்கு, செங்கல் ராஜாவுக்கு

இப்போது கோயிலுக்கு வரலாம். தஞ்சையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உடனே ஒப்பிடுவார்கள். அது 60 மீட்டருக்கு மேல், இது 55 மீட்டர் வாக்கில். அது நேர்கோட்டில் கூம்பி ஏறும். இது இடுப்பில் லேசாக உள்வாங்கி வளைந்து ஏறும். சும்மா சொல்லக்கூடாது, சாயங்கால வெயிலில் அந்த வளைவு வேறு மாதிரி. இரண்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருக்கிறது. தஞ்சைக்கு அது 1987-ல் கிடைத்தது, இதற்கும் தாராசுரத்துக்கும் 2004-ல்.

அவசரப்படாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வடக்குப் படிக்கட்டு அருகே சிவன் சண்டேசரின் தலையில் பூமாலை சுற்றிக்கொண்டிருக்கிறார். பக்தனுக்குச் செய்யும் பட்டாபிஷேகம் அது. குனிந்திருக்கும் சண்டேசரில் ராஜேந்திரனையே பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டாவது, உள்ளே தாமரை வடிவில் ஒரே கல்லில் செய்த நவக்கிரகம். சாளுக்கிய நாட்டிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. இந்த வட்டாரத்தில் கலிங்கத்துச் சிற்பங்களும் உண்டு. பக்கத்துக் கடலூர் மாவட்டத்துச் செங்கமேட்டில் அவற்றைப் பார்க்கலாம். தோற்ற நாடுகளிலிருந்து சாமிகளைத் தூக்கிவந்து தன் தலைநகரைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். இன்று நாம் கும்பிடும் சில தெய்வங்கள் ஒரு காலத்தில் கொள்ளைப் பொருள்கள். லண்டன் மியூசியத்தைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சுவர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் தந்த விளக்கு, ஆடு, நகை, ஆடல் மகளிரின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். இங்கே கிடைக்கும் பழைய பெரிய கல்வெட்டே ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. கட்டியவனின் கணக்கு இந்தச் சுவரில் இல்லை.

கோயில் நிற்கிறது, அரண்மனை இல்லை. காரணம் ரொம்ப எளிது. கல் சாமிக்கு மட்டும். ராஜா வாழ்ந்தது செங்கல், மரம், ஓட்டில். கோயிலிலிருந்து தென்மேற்கே உட்கோட்டைப் பக்கம் போனால் மாளிகைமேடு. 1980-களில் மாநிலத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது. 2021-லிருந்து மறுபடி தோண்டினார்கள். செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, மரத்தூண் நிறுத்திய கல் அடித்தளங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டில் வரும் அரண்மனை, அதில் மாவலி வாணாதிராஜன் என்று பெயர் வைத்த ஆசனம், அதில் உட்கார்ந்து வீரராஜேந்திரன் போட்ட உத்தரவு, எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. நிலத்தில் முழங்கால் உயரச் சுவர் இருக்கிறது.

மாளிகைமேட்டுக்கு வழி காட்டிய ஒரு பெரியவர், ஆடு மேய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பாரு காலத்துல யாரு தம்பி செங்கல்லு வாங்குனா? கொல்லையில தோண்டுனாலே வரும். அதுலதான் வீடு, அதுலதான் மாட்டுக் கொட்டாய்." அவர் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. ஊரில் கிடைக்கும் பொருளைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் வருடத்துச் செங்கல் இன்னும் சுவராகத்தான் இருக்கிறது. வேறு வீட்டில்.

பெயர்கள் மட்டும் இடம் மாறவில்லை

செங்கல்லை எடுத்துக்கொண்டு போகலாம். பெயரை எடுத்துக்கொண்டு போகமுடியாது. சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். உட்கோட்டை. மாளிகைமேடு. மெய்க்காவல்புத்தூர், அரசனின் மெய்க்காப்பாளர்கள். ஆயுதக்களம். வானதிரையன்பட்டினம், ஒரு சிற்றரசனின் பட்டப்பெயர். வீரசோழபுரம். யுத்தப்பள்ளம். கடாரங்கொண்டான், 1025-ல் கப்பல் ஏறிப்போய் வென்ற மலேயாக் கடற்கரை. கோயில் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு தயாரித்த இடம் என்று சொல்லப்படும் சுண்ணாம்புக்குழி. விமானத்துக்குக் கல் ஏற்றச் சாரம் தொடங்கிய இடமென்று ஊரார் சொல்லும் பரணைமேடு. எல்லாம் இன்றைக்கு பஸ் நிற்கும், ரேஷன் கார்டில் அச்சாகும் பெயர்கள்.

பழைய சாஃப்ட்வேரில் இதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் போய்விடுவார், வேலை செய்த பகுதியை முழுக்க அழித்திருப்பார்கள். ஆனால் மற்றவை அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் பெயரை மட்டும் தொடமாட்டார்கள். ஒரு ஊருக்கு 'மெய்க்காவல்' என்று பேர் இருந்தால், எங்கோ பக்கத்தில் காக்கப்பட வேண்டிய மெய் ஒன்று இருந்தது என்று அர்த்தம். எல்லாப் பெயரும் சோழர் காலத்தவை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். பெயருக்குக் கதை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும். ஆனால் குலோத்துங்க சோழன் திருமதில், வேம்புகுடி வாயில் என்று கல்வெட்டில் வருபவற்றோடு இந்தக் கிராமங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், வயல்களுக்கு அடியில் ஒரு நகரத்தின் வரைபடம் மங்கலாகத் தெரியும். கூகுள் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய நல்ல விளையாட்டு இது.

இந்தத் தெருக்களில் கூட்டம் எப்படி இருந்தது என்று தெரிய ஒட்டக்கூத்தரின் மூவருலாவுக்குப் போகவேண்டும். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் மூவருக்கும் ஒவ்வோர் உலா. அரசன் யானை மேல் தெருவில் வருவான். ஏழு பருவத்துப் பெண்கள் மாடத்திலிருந்து பார்த்துக் காதலில் தவிப்பார்கள். புகழ்ச்சி இலக்கியம், நிஜம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உலா எழுதுவதற்குத் தெரு வேண்டும், மாடம் வேண்டும், கூட்டம் வேண்டும். இன்று நாம் ஊரைப் பார்க்க வருகிறோம். அன்று ஊர் கூடி அரசனைப் பார்த்தது. இரண்டு பார்வையிலும் சிக்காதவர்கள் கால்வாய் வெட்டியவர்களும் செங்கல் அறுத்தவர்களும்.

இடித்தது யார்?

'பாண்டியன் வந்து தரைமட்டமாக்கிவிட்டான்.' ஊரில் இதுதான் பதில். முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிடமுடியாது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216-ல் பட்டத்துக்கு வந்தவன். தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தியே சொல்லிக்கொள்கிறது. 1279-க்குப் பிறகு மூன்றாம் ராஜேந்திரனைப் பற்றிப் பேச்சில்லை. சோழ அரசு பாண்டியர் கைக்குப் போய்விட்டது. ஆனால் இந்தக் கோயிலில் பாண்டியர் கல்வெட்டுகளும் இருக்கின்றன, பின்னால் வந்த விஜயநகரத்தாரின் கல்வெட்டுகளும் இருக்கின்றன. இடிக்க வந்தவன் விளக்குக்கு நிலம் எழுதிவைக்க மாட்டான். தலைநகரம் என்ற பதவி போனது, கோயில் நின்றது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. அதிகாரிகளும் வணிகர்களும் போனபின், வரி வராத ஊரில் 60 மைல் கால்வாயை யார் தூர்வாருவது? ஏரி தூர்ந்தது. ஊர் கிராமமானது.

கோயிலின் பெரிய இடிப்பு நடந்தது அதற்கெல்லாம் பிறகு, யுத்தமே இல்லாத காலத்தில். 1836-ல் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார். இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் அணைக்கரை. சமவெளியில் கருங்கல் கிடைக்காது. பக்கத்தில் ஒரு கோயிலின் சுற்றுமதில் முழுக்கக் கருங்கல்லாக இருந்தது. எடுத்துவிட்டார்கள். ஊர்மக்கள் எதிர்த்ததையும், எதிர்த்தவர்கள் தண்டிக்கப்பட்டதையும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு சரியாகக் காப்பாற்றப்படவில்லை என்பதையும் மேலே சொன்ன 1855 குறிப்பே வருத்தத்தோடு பதிவு செய்கிறது. கிழக்குக் கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் இன்று நிற்பதைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எனக்கு முதலில் இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. பிறகு தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணத்துக்குப் போகிறது. வீராணம், ராஜேந்திரனுக்கு நூறு வருடம் முன்னால் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய வீரநாராயணன் ஏரி. 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் முதலில் குதிரையில் வருவது அந்தக் கரையில்தான். 2004-லிருந்து வீராணத்து நீர் குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிச் சென்னைக்குப் போகிறது. கீழணை பிறகு திருத்திக் கட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று யாரும் பிரித்துக் காட்டமுடியாது. ஆனால் பழைய தலைநகரின் மதிலை எடுத்துத் தொடங்கிய அணையிலிருந்து, இன்றைய தலைநகரம் தண்ணீர் குடிக்கிறது. வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சோழர்களைப் பற்றி ரீல்ஸ் பார்க்கிறவருக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு அந்தக் குழாயில் இருக்கிறது.

காட்டன் செய்தது சரி என்று சொல்லவரவில்லை. கல் வேண்டுமென்றால் தொலைவிலிருந்து கொண்டுவர வழி இருந்திருக்கும். செலவு கூடியிருக்கும், அவ்வளவுதான். பாசனத்துக்கும் பழமைக்கும் சண்டை என்று இதைச் சுருக்கிவிட முடியாது. ஏனென்றால் இந்த ஊரின் பழமையே பாசனம்தான்.

இனி என்ன எடுப்போம்?

2025-ல் ஆடித் திருவாதிரையை, ராஜேந்திரனின் பிறந்த நட்சத்திரத்தை, பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். அவனுடைய கடற்படையெடுப்புக்கு ஆயிரம் வருடம் என்று நாணயம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு சோழகங்கத்தைச் சீரமைக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. அருங்காட்சியகமும் வருகிறது. வரட்டும்.

கவலை வேறு இடத்தில். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம் என்பது சட்டம். கோயிலுக்கு அது போதும். நகரம் அதைத் தாண்டி, பட்டா நிலங்களுக்கு அடியில் கிடக்கிறது. நூற்றாண்டுகளாக அதைக் காப்பாற்றியது நெல்லும் முந்திரியும்தான். ஏர் ஒரு முழம்தான் இறங்கும். ஜேசிபி அப்படி இல்லை. சுற்றுலா வளர்ந்தால் பார்க்கிங், ரிசார்ட், ஓட்டல் எல்லாம் அந்த வயல்களில்தான் வரும். விவசாயி விற்கக்கூடாது என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாம் உபதேசம் பண்ணமுடியாது. அவருக்கு அந்த நிலத்தில் விளைச்சல் லாபமாக இருக்கவேண்டும். அதற்கு ஏரியில் தண்ணீர் வேண்டும். ஆகவே, சோழகங்கத்தைத் தூர்வாருவதுதான் புதைந்திருக்கும் தலைநகரத்துக்கான முதல் பாதுகாப்பு. அதை நீர்நிலைத் திட்டமாக மட்டும் பார்க்காமல் தொல்லியல் திட்டமாகவும் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலையில் முதலில் பொன்னேரிக் கரையில் ஏறுங்கள். வெயில் ஏறுமுன் பறவைகளும் இருக்கும். பிறகு மாளிகைமேடு. அங்கிருந்து கோயில், அவசரமில்லாமல் இரண்டு மணி நேரம். மதியத்துக்கு ஜெயங்கொண்டத்தில் சாப்பிட்டுவிட்டு, வழியில் வரும் ஊர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே தெற்கே போய் அணைக்கரையில் இறங்குங்கள். ஷட்டர் திறந்திருந்தால் சத்தம் தூரத்திலேயே கேட்கும். பாலத்தின் ஓரமாக நின்று பார்க்கலாம். லாரி நிறைய வரும், ஜாக்கிரதை.